மூன்று டீ

நகரி செக்போஸ்ட். முன்னால் பதினேழு லாரி.
பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட
எப்ப வர்றே என்று போனில் தம்பி.
“மூடு சரியில்லடா.”

“எந்நி டீ?” என்று கேட்டபடி நின்ற
முனெம்மா காதில் விழுந்தது
முதல் சொல் மட்டும்.
மூன்று கிளாஸ் வந்தது.

ஒன்றைக் குடித்தேன்.
ஒன்று கிளீனர் ஓபுலேசுக்கு.

அகராதியில் பார்த்திருக்கிறேன்:
ஆயிரம் வருஷத்துக்கு முன்
வெள்ளைக்காரன் வாயில் அந்தச் சொல்லுக்குத்
துணிச்சல் என்று பொருள்.
எந்தச் சுங்கத்தில் இறக்கினார்களோ சரக்கை,
என்னிடம் வந்து சேர்ந்தது
சாக்கு மட்டும்.

மூன்றாவதில் ஆடை மூடியிருந்தது.
விரலால் ஒதுக்கி
ஆறியதைக் குடித்துவிட்டுத்
தம்பியைக் கூப்பிட்டேன்.
எடுக்கவில்லை. அவனுக்கும் இருக்காதா.

“முப்பை” என்றாள் முனெம்மா,
கையை நீட்டி.