வூட்ஸ்டொக்கில் முதல் இரவு

அடுப்பு வால்வை மூன்றுதரம் பார்த்தாயிற்று.
வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டு மார்த்தாவிடம்.
பிரஷர் குளிசை நூற்றிருபது நாளுக்கு,
மிளகாய்த்தூள் அதற்கும் மேலே.

புளோரிடா என்று புறப்பட்டோம்.
நானூற்றொன்றில் பனி கொட்ட,
வூட்ஸ்டொக் கடையொன்றின் தரிப்பிடத்தில்
வீட்டுவண்டியை ஒதுக்கிவிட்டோம்.
"இதற்கா மூன்று கிழமை ஆயத்தம்?"
இவர் பதில் சொல்லாமல்
சோற்றுக்குத் தண்ணீர் அளந்தார்.

இருபத்தாறு வருசம் இவருக்கு இரவு வேலை,
எனக்குப் பகல்.
கதவடியில் கைமாறிய பிள்ளைகள்.
ஒருவர் விட்ட சூட்டில்
மற்றவர் படுத்த கட்டில்.

இந்தக் கட்டில் ஒடுக்கம்.
திரும்பினால் முழங்கை இடிக்கிறது.
நித்திரையில் கதைக்கிறார்,
இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது:
"வால்வு பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு" என்கிறேன்.
எதற்கும் ஒருக்கால்
எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.