காற்று பத்தொன்பது

விஸ்மா வேண்டாமென்ற நாற்காலியில்தான்
உட்கார்ந்திருக்கிறேன்.
சக்கரம் வைத்தது.
வலப்பக்கம் சாய்ந்தால் முனகும்.

ரீகா துறைமுகத்தில் நான்காம் எண் கிரேன் அவளுடையது.
இருநூற்றுப் பதினான்கு படிகள்.
மேலே கழிப்பறை கிடையாது;
விடியற்காலை ஐந்துக்குப் பிறகு
அவள் தண்ணீர் குடிப்பதில்லை.
பதினோரு வருடமாய்
தாகத்தைக் கணக்குப் போட்டுப் பிழைப்பவள்.

மேற்பார்வையாளர் பதவி முதலில் அவளைத் தேடித்தான் வந்தது.
நானூறு யூரோ கூடுதல்,
சூடேற்றிய அறை,
கேட்காமலே காப்பி.
அதே வாரம் கார்க் நகரத்திலிருந்து கணவன் பேசினான்:
இறைச்சி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள்,
பையனுக்குப் பள்ளியும் பார்த்தாயிற்று,
இன்னும் அங்கே என்ன இருக்கிறது உனக்கு?

இரண்டு பேருக்கும் ஒரே நாளில்
இல்லை என்றாள்.
ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
"மேலே இருக்கும்போது
எதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை."

என்னிடம் அப்படியொரு வாக்கியம் இல்லை.
தேய்ந்த முழங்கால் இருந்தது.
இன்னும் ஒன்பது வருடம் கட்ட வேண்டிய வீட்டுக்கடன் இருந்தது.
பதினாறு குளிர்காலம் தரையில் நின்று
கொக்கி மாட்டியவன், கூப்பிட்டார்கள்,
போனேன்.
சட்டை மாறிய அன்றே பெயரும் மாறியது:
"டேய் ஐவார்ஸ்" போய்
"வணக்கம், ப்ரீடீட்டிஸ்."
சாப்பாட்டு மேசைக்கு நான் வந்ததும்
பேச்சு சட்டென்று
வானிலைக்குத் தாவிவிடும்.

வானிலைதான் இப்போது என் வேலையும்.

நவம்பர். தௌகவா ஆற்றின் வாயில்
அலைகள் அழுக்குப் பஞ்சு போல் கிழிகின்றன.
இருபது என்றால் கிரேனை நிறுத்த வேண்டும், இது விதி.
திரையில் பத்தொன்பது.
பதினெட்டு.
மறுபடி பத்தொன்பது.
தொலைபேசியில் மேலிடம்:
"இன்னும் பதினேழு பெட்டிதான்,
ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியாக வேண்டும்.
பத்தொன்பது விதிக்குள்தானே வருகிறது?"
வருகிறது.
விதிக்குள் எல்லாமே வருகிறது,
கம்பிவடத்தில் நாற்பது அடிப் பெட்டி
ஊசலாடுவதைத் தவிர.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.
"மேலே எப்படி இருக்கு?"
இரைச்சல். அதன் நடுவே அவள் மூச்சு.
"நீ எந்த நாற்காலியில் இருக்கே?"
"தெரியாதா உனக்கு?"
"அப்போ நீயே சொல்."

தரையில் நின்ற காலத்தில்
ஒரு கையைத் தூக்கினால் போதும்,
அறுபது மீட்டர் உயரத்தில் எல்லாம் நிற்கும்.
பழக்கத்தில் இப்போதும் தூக்கினேன்,
கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம்,
யார் கண்ணிலும் படாமல்.
பிறகுதான் பொத்தானை அழுத்தி
"இறங்கு" என்றேன்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்.
காற்று இருபத்தொன்று என்று எழுதினேன்.
யார் வந்து அளக்கப்போகிறார்கள்?
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்:
காற்று பத்தொன்பது.
நிறுத்தியது நான்.

மறுநாள் நண்பகலில்தான் கப்பல் போனது.
எல்லோருடைய போனஸும் அதிலேயே ஏறிப் போனது,
அவளுடையதும்.

இருநூற்றுப் பதினான்கு படிகள் இறங்கி
முதல்முறையாக என் அறைக்கு வந்தாள்.
நன்றி சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு.
"பதினெட்டிலேயே சொல்லியிருக்கணும்" என்றாள்.
கழிப்பறைச் சாவி கேட்டாள்.
திரும்பி வந்து குழாயைத் திறந்து
நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்,
மூன்றாவதைப் பாதியில் வைத்தாள்.
போகும்போது நாற்காலி முதுகை ஒரு தள்ளுத் தள்ளி,
"இதுக்கு எண்ணெய் போடு."

போடவில்லை இன்னும்.
நாளை காற்று பதினாறு என்கிறார்கள்.