மூன்று மணி நாற்பது நிமிடம்

காசிமேட்டில் ஏலம் கலைந்த பிறகு
கால் கழுவிய ஈரத்தோடு வந்தார் அஞ்சலாட்சி.
ஜெராக்ஸ், லேமினேஷன், விமான டிக்கெட்.
பலகையின் மூன்றாவது வரியைக் காட்டி
"இது மெய்யாலுமே கிடைக்குமா?" என்றார்.
கிடைக்கும் என்றேன்.
பதினோரு வருடமாக விற்கிறேன்.
ஏறியதில்லை என்பதைச் சொல்லவில்லை.

எங்கிருந்து எங்கே?

மீனம்பாக்கம் என்பார் என்று
விரல் முன்கூட்டியே தட்டியிருந்தது.
இந்தத் தெருவில் எல்லாரும்
இங்கிருந்துதான் கிளம்புவார்கள்.
"ஜாம்நகர்லேர்ந்து திப்ருகர்" என்றார்,
முள் எடுத்த மீன்போல
ஊர்ப்பெயர்களைச் சுத்தமாக.

மகன் நாகமுத்து அங்கே ஆலையில் ஃபிட்டர்.
மணலியில் பழகிய கை.
மகள் வளர்மதி தேயிலைத் தோட்டத்து
ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
"எங்கிட்ட வர வேணாம் கண்ணு.
அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கணும்.
ரெண்டு வருசமா என் வாயாலதான் பேசினுகீதுங்க.
அவன் சொன்னதை அவளுக்கு அப்படியே.
அவ திட்டினதைப் பாதியாக்கி அவனுக்கு."

தேடினேன்.
வான்வழித் தூரம்: 2577 கிலோமீட்டர்.
பறக்கும் நேரம்: மூன்று மணி நாற்பது நிமிடம்.

"அவ்ளோதானா?
பொன்னேரி போய்ட்டு வர்ற நேரம்!"

அடுத்த வரியைக் குரல் இறக்கிப் படித்தேன்:
நேரடி விமானம் இல்லை.

"இல்லாத விமானத்துக்கு
எவன் நேரம் போட்டான்?"

நியாயம்தான்.
உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து
அதில் ஒரு வேகத்தை ஓட்டி
எவனோ கணக்குப் பார்த்திருக்கிறான்.
நூலுக்குக் கீழே வயல், ஆறு, கோதுமை ரயில்.
நூலின் மேல் யாருமில்லை.

நிஜத்தில் போவதென்றால் மும்பை,
அங்கே ஏழு மணி நேரம் நாற்காலி,
பிறகு கொல்கத்தா, அங்கே இன்னொரு நாற்காலி,
ஆகப் பத்தொன்பது மணி இருபத்தைந்து நிமிடம்,
பதினேழாயிரத்து நானூறு.

அவர் விலையைக் கேட்டதாகத் தெரியவில்லை.
விரல் மடக்கி வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"இப்போ சித்திரையா?
நாலே முக்காலுக்கு அவளுக்குப் போன் போடுவேன்.
இங்க கும்மிருட்டு.
விடிஞ்சிருச்சும்மா, துணி காயப்போடுறேன்னுவா.
அப்புறம் வஞ்சிரம் வித்து, சங்கரா வித்து,
ஐஸ்காரங்கிட்ட சண்டையும் போட்டு
ஆறு ஆகப்போறப்போ அவனுக்குப் போட்டா
இன்னும் இருட்டும்மா, தூங்கவுடுன்னுவான்.
மூணு பேருக்கும் கடியாரம் ஒண்ணுதான்.
அவ விடியலுக்கும் அவன் விடியலுக்கும் நடுவுல
எனக்கு ஒரு கூடை காலி."

திரையில் கிலோமீட்டர் இருந்தது, மைல் இருந்தது,
கடல்மைல்கூட இருந்தது.

"சரி, அந்தப் பேப்பரைக் குடு."
பிரிண்ட் ஐந்து ரூபாய்.
"பறக்காததுக்கு அஞ்சு ரூபாயா?"
மூன்று ரூபாய் வைத்துவிட்டு
நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.
செருகுவதற்குள் ஒரு செதில் ஒட்டிவிட்டது,
ஜாம்நகர் பக்கமா, திப்ருகர் பக்கமா, பார்க்கவில்லை.

இரவு கடை மூடி
புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன்.
நெற்றியில் விமான நிலையம் என்று எழுதிய வண்டி.
வழக்கமாக மண்ணடியில் இறங்கிவிடுவேன்.
இங்கே நாங்கள் எல்லாரும்
அந்தப் பெயரில் ஏறி
அதற்கு வெகு முன்னாலேயே இறங்குகிறவர்கள்.

அன்று கதவு திறந்தது, மூடியது.
உயர்நீதிமன்றம் வரை போய்
ஒரு நிலையத் தூரம்
நடந்தே திரும்பினேன்.
பதினாறு நிமிடம்.