இரண்டாம் பிரதிவாதியின் கதவு

பசையை நானே காய்ச்சுவேன்.
கோதுமை மா, ஒரு கிள்ளுத் துருசு.
பூச்சி அரிக்காது.
கல்முனை நீதிமன்றத்தில், பிஸ்கால் கந்தோரில்
இருபத்திரண்டு வருஷம்.
அழைப்பாணையை ஆளிடம் கொடு.
ஆள் ஒளித்தால் கதவில் ஒட்டு.
ஒட்டினேன் என்று சத்தியக் கடதாசி எழுது.
எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்.

நிந்தவூர் ஆதம்பாவா ஜெஸீமாவின் வழக்கில்
பிரதிவாதிகள் இரண்டு.
முதலாமவர் பிரதான வீதியில்,
நகைக்கடைக்கும் பாமசிக்கும் நடுவே
குளிருக்குள் இருக்கிறார்.
மனேஜர் கையெழுத்து வைத்தார்,
இரு என்று சொல்லவில்லை.
இரண்டாமவர் கடலுக்கு அங்கால்,
முப்பத்தோராம் மாடி.
வங்கியின் பெயருக்கு என் வாய் வளையாது.

டோகாவில் சாரக்கட்டு சரிந்து
கலீல் மௌத்தானார்.
அந்த உயிருக்குக் கம்பனி போட்ட காசு
மூன்று வங்கி தாண்டி வர வேணும்.
நடுவில் நின்றுவிட்டது.
அவர்களுடைய பட்டியலில் ஒரு கலீல் இருந்தானாம்.
வேறு நாடு, வேறு வாப்பா,
பிறந்த வருஷமும் வேறு.
கணினிக்குக் கலீல் என்றால் கலீல்.

என்னைக் கேட்டிருக்கலாம்.
நிந்தவூரில் மட்டும் ஆறு கலீல்களுக்கு
நான் கடதாசி கொண்டுபோயிருக்கிறேன்.
ஐஸ்பெட்டிக் கலீல், றேடியோக் கலீல்,
மெசின் கலீல், அவருடைய மச்சினன் கலீல்...
சந்தியில் மோட்டார்சைக்கிளைச் சரித்து நிறுத்தினால்
தேத்தண்ணி ஆத்துகிறவர் கேட்பார்:
"எந்தக் கலீல்?"
"எல்லை வழக்குக் கலீல்" என்பேன்.
கரண்டி பிடித்த கை தெருவைக் காட்டும்.

ஒருதரம் பிழைத்தது. மறைக்க மாட்டேன்.
மாளிகைக்காட்டில் தப்பான கதவில் ஒட்டிவிட்டேன்,
கடன் வழக்கு.
அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.
அடுத்த நாள் கத்தியும் சுடுதண்ணியுமாய்ப் போய்
சுரண்டினேன்.
முற்றத்தில் ஊரே நின்று பார்த்தது.
ஒட்டினது நான், பேர் இன்னது,
பிழை என்னுடையது என்று
உரத்துச் சொல்லச் சொன்னார் வீட்டுக்காரர்.
சொன்னேன்.
நீதிமன்றம் பிறகு படியில் வெட்டியது.
அது வலிக்கவில்லை.

அழைப்பாணை கொழும்புக்குப் போய், அமைச்சில் கிடந்து,
ஒன்பது மாசத்தில் திரும்பி வந்தது.
உறையில் நீல முத்திரை:
ஏற்க அதிகாரம் பெற்றவர் இங்கு எவருமில்லை.
முப்பத்தொரு மாடியில் ஒருவருமில்லை!

ஆனால் போன தவணைக்கு
கறுப்புக் கோட்டோடு மூன்று பேர் வந்து இறங்கினார்கள்.
மூத்தவர் ஆங்கிலத்தில் எழும்பினார்.
முதலியார் இரண்டு தரம் தடுக்கித் தமிழாக்கினார்:
"இம்மன்றின் முன் நாம் தோன்றவில்லை
என்று சொல்வதற்கு மாத்திரம்
தோன்றுகிறோம்."
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
பணம் இந்த எல்லைக்குள் வரவேயில்லை,
வராத பணத்தால் வந்த நட்டத்தை
இங்கே விசாரிக்க நியாயாதிக்கம் ஏது, கனம் நீதிபதி அவர்களே?
நாங்கள் செய்தது
ஒரு பெயரைப் பார்த்துக் கைநிறுத்தியது மட்டும்.
பெயரை எழுதியவர்கள் வேறு.

ஜெஸீமா என்னிடம் மெல்லக் கேட்டா:
"இவங்கதான் வங்கியா?"
"இல்ல."
"அப்ப வங்கி எங்க?"
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
அவவின் கையில் கலீலின் பிறப்புச் சான்று,
லேமினேற் பண்ணினது,
ஓரம் பிரிந்து உள்ளே மழைத்தண்ணி ஊறியிருந்தது.

நியாயாதிக்கக் கட்டளை மாசி பதினெட்டு.
அதற்கிடையில் என் சத்தியக் கடதாசி கோவைக்கு வேணும்.
எழுதினேன்:
அழைப்பாணை முறைப்படி அனுப்பப்பட்டது.
சேர்ப்பிக்கப்படாமல் திரும்பியது.
பிரதிவாதிக்குக் கதவு இருப்பதாக
நான் காணவில்லை.
கடைசி வசனத்தைப் பதிவாளர் சிவப்பால் வெட்டினார்,
"இது உம்முடைய வேலையில்லை" என்றார்.
சரிதான்.
பசை வாளி மோட்டார்சைக்கிளில் ஆறிக்கொண்டிருந்தது.
பாண்டிருப்பில் ஒரு காணி வழக்கு,
அட்டப்பள்ளத்தில் ஒரு தாபரிப்பு.
இரண்டுக்கும் கதவு உண்டு.