மேசை எண் பதினேழு

கல்லூரி உணவுக்கூடத்தில் எனக்கு மேசை எண் பதினேழு.
இடப்பக்கம் ராணுவம்:
இலவசப் பேனா, தொங்கி எழ ஒரு கம்பி.
வலப்பக்கம் பல் மருத்துவ உதவியாளர் படிப்பு:
பிளாஸ்டிக் தாடை ஒன்று காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறது.
நடுவில் நான்,
ஒரு தலைக்கவசம், ஒரு கிண்ணம் புதினா மிட்டாய்,
போன வருட மழையில் நனைந்து சுருங்கிய பதாகை:
டல்லர்ட் கிரீக் தீயணைப்பு நிலையம்
மாணவப் பயிற்சியாளர்களை அழைக்கிறது.

துண்டறிக்கையில் இருக்கிறது:
கல்லூரிக் கட்டணம் நாங்கள் கட்டுவோம்.
நிலையத்து மாடியில் கட்டில், போர்வை, அடுப்பு.
மூன்று நாளுக்கு ஓர் இரவு பணி.
தீயணைப்புக்கு ஒரு சான்றிதழ்,
அவசர மருத்துவ உதவிக்கு ஒன்று.

துண்டறிக்கையில் இல்லை:
பத்து அழைப்பில் ஒன்பது தீயே அல்ல.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துகிடந்து
பின்னிரவு மூன்று மணிக்கு
எங்களிடம் மன்னிப்புக் கேட்கும் லெவினா ஸ்டூக்கி.
தூக்கி உட்காரவைக்கிறோம்.
ரத்த அழுத்தம் பார்க்கிறோம்.
பூனை சாப்பிட்டதா என்கிறாள்.
பூனைக்கும் வைக்கிறோம்.
படிவத்தில் பூனைக்குக் கட்டம் இல்லை.

தன்னார்வலர்கள் பதினொரு பேர்.
தண்ணீர் லாரி ஓட்டும் மெர்லுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர்.
குழாய் பிடிக்கும் டோரீனுக்கு
முழங்கால் இரண்டும் ஆஸ்பத்திரி கொடுத்தது.
தீ அவர்கள் வயதைக் கேட்பதில்லை.
இதை எந்த எழுத்தளவில்
பதாகையில் அச்சடிப்பது?

ஆகஸ்டில் காலஹன் பண்ணையில்
வைக்கோல் கட்டுகள் நான்கு நாள் உள்ளுக்குள்ளேயே கனன்றன.
காவலுக்கு இருந்தேன்.
வண்டியின் பம்பரில் புத்தகத்தை விரித்து
இதயத்தின் நான்கு அறைகளுக்குப் பெயர் எழுதினேன்.
வலது கீழறையில் சாம்பல் விழுந்தது.
ஊதிவிட்டு எழுதினேன்.

பகல் பன்னிரண்டு வரை:
ஒருவன் மிட்டாய் எடுத்தான்.
ஒருத்தி தலைக்கவசம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள்.
ஒருவன் வைஃபை வேகம் கேட்டான், சொன்னேன், போய்விட்டான்.

ஒன்றே முக்காலுக்கு
எச்சில் தட்டு அள்ளுகிற பெண் வந்து நின்றாள்.
ஈரக் கையுறை. ஏப்ரனில் பெயர்: இட்சேல்.
"உன் கையில் யாராவது செத்திருக்கிறார்களா?"

ராணுவக்காரர் திரும்பிப் பார்த்தார்.
இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்,
ஆலோசனை வசதி உண்டு என்று தொடங்கும்.
நான் சொன்னேன்:
ஆமாம். மார்ச்சில். காலை ஆறே கால்.
பெட்ரோல் பங்க் கழிவறை வாசலில்.
உள்ளங்கைக்குக் கீழே விலா உடைந்தது.
அந்தச் சத்தம் எது மாதிரியும் இல்லை.

"அப்புறம்?"

எட்டு மணிக்கு வகுப்பு.
தாமதம் என்று போட்டார்கள்.

அவள் முகம் கோணவில்லை.
கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள்.
"குளியலறையில் வெந்நீர் வருமா?"
வரும்.
"எந்நேரமும்?"
எந்நேரமும்.
"ராத்திரி கார் நிறுத்தினால்
யாரும் கண்ணாடியைத் தட்ட மாட்டார்களே?"

அப்போது புரிந்தது.
சேவை, துணிவு, சமூகம்
என்று நான் அடுக்கிவைத்திருந்த சொற்களை
மேசைக்கு அடியில் தள்ளினேன்.
நானும் கட்டிலுக்காக வந்தவன்தான்.
தீ பிற்பாடு வந்தது.

விண்ணப்பத்தை நின்றபடியே நிரப்பினாள்.
முகவரிக்கு வந்ததும் பேனா நின்றது.
அதே நேரம் என் இடுப்பில் பேஜர் அலறியது:
ஸ்டூக்கி வீடு. விழுந்திருக்கிறாள். மூச்சு இருக்கிறது.

"மேசையைப் பார்த்துக்கொள்" என்றேன்
இன்னும் எதிலும் கையெழுத்திடாத ஒருத்தியிடம்.

திரும்பும்போது ஐந்து மணி.
தரை துடைத்து, நாற்காலிகளைக் கவிழ்த்திருந்தார்கள்.
பதினேழை மட்டும் மடிக்கவில்லை.
கிண்ணம் காலி.
பட்டியலில் புதிதாக இரண்டு பெயர்,
யாரையோ நிறுத்திக் கேட்டு அவள் எழுதியவை.
அவள் விண்ணப்பத்தில்
முகவரி என்ற இடத்தில்,
வேண்டாமென்றால் அழித்துவிடலாம்போலப்
பென்சிலில்:
தீயணைப்பு நிலையம், மாடி.