ஆறு கட்டம்

மஞ்சக்குப்பத்தில் மழை விட்ட சாயங்காலம்.
மருந்தகத்தின் பின்னறையில்
குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு
பிரிக்கிறேன்.

செல்லைக் கொல்வது ஒரு தட்டு.
கொல்லாது, ஆனாலும் ஆகாது என்பது இன்னொன்று.
கருவுக்கு மட்டும் ஆகாதது மூன்றாவது.
பள்ளிக்கூடத்தில் கசடதபற சொன்னதுபோல
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
வல்லினம், மெல்லினம், இடையினம்.
எழுத்துக்கு அது சரி.
இங்கே ரோஸ்மில்க் நிறத்தில்
ஊசி முனையில் ஒரு துளி
எந்தப் பக்கம் விழலாம் என்று
யோசித்துக்கொண்டு நிற்கிறது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை
முழுசாக இருந்தால் ஒரு விதி,
பாதியாக உடைத்தால் வேறு விதி.
ஆறு வருஷம் உடைத்திருக்கிறேன்,
மேசை ஓரத்தில், ஸ்கேலை வைத்து.
தூள் யார் மூச்சில் போனது என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
அதே ஸ்கேலால்தான்
இன்று கோடு போடுகிறேன்.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
இந்த ஊரில் குழந்தைகூட மூக்கைச் சுளிக்கும்.
இவற்றுக்கு நாற்றம் கிடையாது.
நாறாத ஒன்றை
யாரை நம்ப வைப்பது?

சிஸ்டர் ஜெசிந்தா வந்து
மூன்றாவது பக்கத்தை மட்டும் படித்தாள்.
இரண்டு தரம்.
“அடுத்த மாசத்திலேருந்து என்னை ஓ.பி.க்கு மாத்தச் சொல்லலாமா?”
காரணம் கேட்கவில்லை நான்.
வாழ்த்தும் சொல்லவில்லை.
“அடுத்த மாசம் எதுக்கு, நாளைக்கே” என்றேன்.

மஞ்சள் ஒட்டுத்தாள் தீர்ந்து
பட்டியலைக் கதவில் மாட்டும்போது
அஞ்சலாட்சி வாளியோடு நின்றாள்.
“இதுல என் வேலை எங்கம்மா இருக்கு?”

மருந்தின் பெயர், அளவு, வகுப்பு,
கையுறை, மேலங்கி, முகக்கவசம்.
ஆறு கட்டம்.
கலக்குகிறவருக்கு உண்டு. ஏற்றுகிறவருக்கு உண்டு.
ஏறிய மருந்தோ
ராத்திரியெல்லாம் ஓர் உடம்புக்குள் நடந்து
விடியற்காலம் இவள் அலசுகிற பெட்பேனில்
வந்து இறங்குகிறது,
பெயரில்லாமல்,
ஒட்டுத்தாள் இல்லாமல்.

அடியில் ஒரு கோடு போட்டேன்.
பேனாவால் எழுதினேன், தமிழில், பெரிசாக:
மூத்திரம், மலம், வாந்தி, படுக்கை விரிப்பு.
நாற்பத்தெட்டு மணி நேரம். இரட்டைக் கையுறை.
“இது சர்க்குலர்ல இருக்கா?” என்பார் ஆர்.எம்.ஓ.
இருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்.

எழுதியதைப் படிக்கச் சொன்னாள்.
படித்தேன்.
“நாப்பத்தெட்டா” என்றாள்,
ஏதோ பாக்கிக் கணக்கைக் கேட்பதுபோல.

ஸ்டோரில் பெரிய சைஸ் மட்டும்தான் இருந்தது.
விரல் நுனிகளைத் தாண்டி
உறை தொங்கியது.
மாத்திரைக் கட்டிலிருந்து
ரப்பர் பேண்ட் இரண்டு உருவிக்கொண்டு
மணிக்கட்டில் இரண்டிரண்டு சுற்று சுற்றினாள்.
கையை உதறிப் பார்த்தாள்.
விழவில்லை.
வாளியைத் தூக்கிக்கொண்டு
வார்டுக்குள் போனாள்.