படம் நான்கு

"படம் நான்கில் காட்டியவாறு
கரையின் அகலம் ஆண்டுதோறும் குறைகின்றது."
பதினோராம் பக்கம். புரட்டினேன்.
படம் ஒன்று இல்லை. இரண்டு இல்லை.
நான்கும் இல்லை.

கடலரிப்பு பற்றிய ஒப்படை.
யதுர்சன், பன்னிரண்டாம் தரம், கலைப்பிரிவு.
வகுப்பில் ழகரத்தை எல்லாம் ளகரமாக எழுதுகிறவன்
கழிமுகத்தைக் கழிமுகமாகவே எழுதியிருந்தான்.
முதலில் கோபம் வந்தது அதில்தான்:
ஒரு பிழையும் இல்லை.

யன்னலுக்கு வெளியே ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தது.
திருகோணமலை மான்களுக்குப் புல்லும் தாளும் ஒன்றுதான்.
எனக்கு அப்படி இருக்க முடியாது,
அதற்குத்தான் சம்பளம்.

அதிபரிடம் கொடுத்தால் தகப்பனைக் கூப்பிடுவார்.
அவர் திருக்கடலூரிலிருந்து
வலையைப் பாதியில் போட்டுவிட்டு வருவார்,
கதிரையில் இருக்கமாட்டார்,
நின்றபடியே மகனை அறைவார்.
எல்லாருக்கும் அலுவல் முடிந்துவிடும்.
பேசாமல் எழுபத்தெட்டுப் போட்டாலும் முடிந்துவிடும்.
எழுதியவர் யாரோ,
எழுபத்தெட்டுக்குத் தகுதியானவர்தான்.

கலாசாலையில் நான்
கற்பித்தல் பதிவேட்டின் மூன்று கிழமைகளை
பக்கத்துக் கட்டில்காரியின் கொப்பியிலிருந்து இறக்கியிருக்கிறேன்.
ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க
இரண்டு நிறப் பேனை வைத்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
இப்போதும் சில வேளை ஒத்திகை பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தபின் அவனை மறித்தேன்.
"பார்த்து எழுதினனியா?" என்று கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்குள் பொய்க்கு மட்டும்தான் இடம்.
"படம் நாலைக் கீறு" என்றேன்.

காது சிவந்தது.
நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தான்.
பிறகு ஒரு கோடு. அதற்கு உள்ளே இன்னொரு கோடு.
"இது அப்பா சின்னனில ஓடின கரை. இது இப்ப.
இந்தக் கல்லிலதான் கயிறு கட்டுறது, மிஸ்.
இப்ப கல்லு தண்ணிக்குள்ள.
சோளகத்தில மட்டும் தலை காட்டும்."

முதல் ஒப்படைக்குப் பூச்சியம்.
அவன் பார்க்கப் பார்க்கப் போட்டேன், திகதியோடு.
இந்தப் படத்தை வைத்து மூன்று பக்கம், திங்களன்று.
எவ்வளவு நன்றாக எழுதினாலும் நாற்பதுக்கு மேல் இல்லை.
"ஓம் மிஸ்."

திங்கள் வந்தது இரண்டேகால் பக்கம்.
"மளைக்காலத்தில் கரை அளிகிறது."
முப்பத்தொன்று போட்டேன்.
மளையைத் திருத்த மனமில்லாமல் திருத்தினேன்.

அன்று பின்னேரம் பர்ஹானா வந்தாள்,
கிண்ணியா பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்க.
"மிஸ், நான் முதலே என்ட கையால எழுதினன்.
முப்பத்தெட்டுப் போட்டீங்க.
என்ன மறிச்சு ஒண்டும் கேக்கல்லயே."

நியாயம் என்று தொடங்கி
அடுத்த சொல் கிடைக்காமல் நின்றேன்.
"உங்கட ஒப்படைய ஒருக்காத் தாங்க."

ஆறாம் பக்கத்தில்
அவள் வீட்டுக் கிணறு, உவர் ஏறிய உயரம்,
மாதம் மாதமாக, நீலப் பென்சிலில்.
அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே
நான் புள்ளி போட்டிருந்தேன்.

வெளியே பஸ் ஹோன் அடித்தது.
இரண்டு பேரும் அசையவில்லை.